எத்தனையாம் நாள் என்று எழுதுங்கள்

நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் பணியாற்றும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும், தோட்ட வைத்திய உதவியாளர்களுக்கும், பிள்ளைக் காம்பராக்களைக் கவனித்துக்கொள்ளும் பெண்களுக்கும்,



1935-ஆம் ஆண்டு இலங்கையில் உயிரோடு பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 263 குழந்தைகள் ஒரு வயது நிறைவதற்குள் இறந்தன. மலேரியா நாட்டை வாட்டிய காலம் அது. 1946-இல் அந்த எண் 141. அடுத்த ஆண்டே 101. 1974-இல் 51. இன்று ஆறு என்ற அளவுக்கு வந்து நிற்கிறது. தடுப்பூசி, இலவச வைத்தியம், பெண்களின் படிப்பு என்று இதற்குக் காரணங்கள் பல. மழையிலும் பனியிலும் லயத்து வாசல் வரை நடந்து வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போன மிட்வைஃப் அம்மாமாரின் உழைப்பு அந்தக் காரணங்களின் நடுவில் இருக்கிறது. அதை முதலில் சொல்லாமல் உங்களிடம் எதையும் கேட்பது முறையாகாது.

ஆனால் மலையகம் இந்த இறக்கத்தை நாட்டோடு சேர்ந்து கண்டதில்லை. 1974-இல் நாட்டின் சிசு மரண வீதம் 51 ஆக இருந்தபோது தோட்டங்களில் அது நூற்றைத் தாண்டியது. அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு; தோட்டங்கள் அரசின் கைக்கு மாறிக்கொண்டிருந்த நேரம்; வேலை நாட்கள் குறைந்து போயின. அந்தப் பஞ்சத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் தோட்டங்களில் இருக்கிறார்கள். பிறகு வந்த பத்தாண்டுகளில் இடைவெளி சுருங்கியது. முழுதாக மூடிவிடவில்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016-ஆம் ஆண்டு ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17.3 சதவீதம், தோட்டங்களில் 31.7 சதவீதம்.

உங்களிடம் இம்மடல் கேட்பது ஒன்றைத்தான். ஒரு சிசு இறந்தால், பிறந்து எத்தனையாம் நாளில் இறந்தது, முதல் நாளென்றால் எத்தனையாவது மணியில் இறந்தது என்பதை எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். வீதத்தை மட்டும் சொல்லி அறிக்கையை முடித்துவிடாதீர்கள்.

இவ்வளவு சிறிய விஷயத்துக்கு ஒரு மடலா என்று தோன்றலாம். ஆயிரத்துக்கு 141 குழந்தைகள் இறந்த காலத்தில் நாளைத் தேட வேண்டிய தேவை அவ்வளவாக இருக்கவில்லை. வயிற்றோட்டமும் நிமோனியாவும் காய்ச்சலும் ஆண்டு முழுக்கக் குழந்தைகளைக் கொண்டுபோயின. எங்கே கை வைத்தாலும் சில உயிர்கள் பிழைத்தன. ஆறு என்ற நிலையில் அப்படி இல்லை. நாட்டில் இன்று இறக்கும் சிசுக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பிறந்து 28 நாட்களுக்குள் இறக்கின்றன. அவற்றிலும் பெரும்பாலானவை முதல் வாரத்தில். மிஞ்சியிருப்பவை எந்த நாட்களில் குவிகின்றன என்று பார்த்தால்தான் அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியும்.

நாள் என்பது காரணத்தின் அடையாளம். முதல் ஆறு மணி நேரத்தில் இறந்த பிள்ளை பிரசவ அறையைப் பற்றிப் பேசுகிறது: மூச்சுத் திணறல், குறைமாதம், பிறவிக் கோளாறு. ஐந்தாம் நாளிலோ பத்தாம் நாளிலோ இறந்த பிள்ளை தொற்றைப் பற்றியும், குளிரைப் பற்றியும், பால் இறங்காத தாயைப் பற்றியும், அந்த நாட்களில் வீட்டுக்கு யாராவது வந்தார்களா என்பதைப் பற்றியும் பேசுகிறது. நான்காம் மாதத்தில் இறந்த பிள்ளை லயத்தின் புகையையும் ஈரத்தையும், பிள்ளைக் காம்பராவையும், ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையையும் பற்றிப் பேசுகிறது. மூன்றையும் கூட்டி ஓர் எண்ணாக்கி எழுதினால் மூன்று சாட்சிகளின் வாயையும் அடைத்ததாகிவிடும்.

இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. ஸ்கொட்லாந்தின் மேற்கே கடலுக்குள் கிடக்கும் சென்ட் கில்டா தீவில், 19-ஆம் நூற்றாண்டின் பல பத்தாண்டுகளில் பிறந்த குழந்தைகளில் பாதியளவு முதல் மாதத்துக்குள் இறந்தன. பிறக்கும்போது நன்றாக இருந்த பிள்ளை நாலாம் ஐந்தாம் நாளில் பால் குடிப்பதை நிறுத்தும், தாடை இறுகும், எட்டாம் நாளளவில் இறந்துவிடும். தீவு மக்கள் அதை எட்டு நாள் நோய் என்றே அழைத்தார்கள். அது தொப்புள் வழியாக வந்த ஏற்பு நோய். இரண்டு நாள் நலமாகப் பால் குடித்த பிள்ளை மூன்றாம் நாள் முதல் நோயில் விழுந்தால் ஏற்பைச் சந்தேகிக்க வேண்டும் என்று இன்றைய மருத்துவ வரையறையும் நாளை வைத்துத்தான் சொல்கிறது. அங்கஸ் ஃபிடெஸ் என்ற பாதிரியார் கிளாஸ்கோவில் கிருமிநீக்க முறையைக் கற்றுவந்து, 1890-களின் தொடக்கத்தில் தொப்புளைச் சுத்தமாகப் பராமரிக்க வைத்தார். மரணங்கள் நின்றன.

தமிழ்நாட்டில் நாள் இன்னொரு உண்மையைக் காட்டிக்கொடுத்தது. 1980-களிலும் 1990-களிலும் சேலம், தருமபுரி, மதுரை மாவட்டங்களின் சில பகுதிகளில் பெண் குழந்தைகள் பிறந்த முதல் வாரத்திலேயே அதிகமாக இறந்தன. இயற்கையில் முதல் மாதத்தில் ஆண் குழந்தைகள்தான் சற்று அதிகமாக இறக்கும். அது உலகம் முழுவதும் காணப்படும் ஒழுங்கு. அந்த ஒழுங்கு சில ஊர்களில் மட்டும் தலைகீழானபோது, அங்கே நடப்பது நோய் அல்ல, பெண் சிசுக் கொலை என்று தெரிந்தது. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது அதன் பிறகுதான். மலையகத்தில் அப்படி ஒன்று நடப்பதாக இம்மடல் சொல்லவில்லை. ஆணா பெண்ணா என்பதையும் நாளையும் பிரித்து எழுதியதால்தான் அங்கே உண்மை வெளியே வந்தது என்பதற்காகவே இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

மக்கள்தொகை ஆய்வாளர்களும் இந்தக் கேள்வியோடு நெடுநாள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். பிரெஞ்சு ஆய்வாளர் ழான் புர்ஷ்வா-பிஷா 1951-இல் ஒரு வழியைக் காட்டினார். முதல் மாதம் கழிந்த பிறகு நேரும் சிசு மரணங்களை நாள்வாரியாகக் கூட்டிக்கொண்டே போய், நாட்களை மடக்கையின் மூன்றாம் படிக்கு மாற்றி வரைபடத்தில் வைத்தால், புள்ளிகள் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் விழும். அந்தக் கோட்டைப் பின்னோக்கி இழுத்து முதல் நாள் வரை கொண்டுவந்தால், பிறப்போடு வந்த காரணங்களால் நேர்ந்த மரணம் எவ்வளவு, சுற்றுப்புறத்தால் நேர்ந்த மரணம் எவ்வளவு என்று பிரித்துவிடலாம். இறப்புச் சான்றிதழில் காரணம் சரியாக எழுதப்படாத நாடுகளுக்கு அது பெரிய வரமாக இருந்தது. காரணத்தை நம்ப முடியாவிட்டாலும் நாளை நம்பலாம் என்பதே அதன் அடிப்படை.

மரணம் மிகக் குறைந்த இடங்களில் அந்தக் கோடு வளையத் தொடங்கியது. காரணம் நல்ல செய்திதான். இருபத்தாறு வாரத்தில் பிறந்த பிள்ளை முன்பெல்லாம் அன்றே இறந்துவிடும். இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் நாற்பது நாள், அறுபது நாள் உயிரோடு இருக்கிறது. பல பிள்ளைகள் பிழைத்து வீட்டுக்கே வருகின்றன. பிழைக்காத பிள்ளையின் மரணம் 28 நாள் எல்லையைக் கடந்து பதிவாகிறது. ஏட்டில் அது சுற்றுப்புறத்தால் நேர்ந்த மரணம்போலத் தெரியும். உண்மையில் அதன் காரணம் பிரசவ அறையிலேயே இருந்தது.

இன்னொரு கணக்கும் இதே இடத்தில் தடுக்கி விழுந்தது. ஆயுள் அட்டவணை தயாரிப்பவர்களுக்கு, ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் சராசரியாக எத்தனை நாள் வாழ்ந்தன என்ற எண் வேண்டும். நாள்வாரிப் பதிவு இல்லாத நாடுகளுக்காக ஆன்ஸ்லி கோலும் போல் டெமெனியும் 1966-இல் வெளியிட்ட மாதிரி அட்டவணைகளிலிருந்து ஒரு சூத்திரம் பிறந்தது. சிசு மரணம் குறையக் குறைய இந்தச் சராசரி வயதும் குறைந்துகொண்டே போகும் என்பது அதன் எடுகோள். வெளிச்சூழலால் நேரும் பிந்திய மரணங்கள் முதலில் ஒழியும், பிறப்பையொட்டிய மரணங்களே மிஞ்சும் என்பதால் அது நியாயமாகத்தான் பட்டது. 2015-இல் எவ்கெனி ஆந்த்ரேயெவும் வார்ட் கிங்கேடும் நல்ல பதிவேடுகள் உள்ள நாடுகளின் தரவை அடுக்கிப் பார்த்தார்கள். ஆயிரத்துக்கு இருபதை ஒட்டிய அளவு வரை சூத்திரம் காட்டிய திசை சரி. அதற்குக் கீழே போனதும் திசை திரும்பி, சராசரி வயது மறுபடி ஏறுகிறது. ஆயிரத்துக்கு ஆறு என்ற நிலையில் ஆண் குழந்தைகளுக்குப் பழைய சூத்திரம் தரும் சராசரி 22 நாள். புதியது தருவது 50 நாள்.

இந்த 28 நாள் வித்தியாசத்தால் நாட்டின் எதிர்பார்ப்பு ஆயுள் அசைந்துகூடக் கொடுக்காது. இறப்பவர்கள் ஆயிரத்தில் ஆறு பேர் என்னும்போது அவர்கள் 22 நாள் வாழ்ந்தாலும் 50 நாள் வாழ்ந்தாலும் மொத்தக் கணக்கில் அது தெரியாது. ஆனால் திட்டம் போடுபவருக்கு அது வேறு உலகம். சூத்திரம் சொன்னதை நம்பி, எல்லாம் பிரசவ அறையில்தான் இருக்கிறது என்று பணத்தை அங்கேயே கொட்டினால், மூன்றாம் மாதத்திலும் ஐந்தாம் மாதத்திலும் இறக்கும் பிள்ளைகள் கண்ணுக்குத் தப்பிவிடும். பணக்கார நாடுகளுக்கும் இது நேர்ந்தது. தொற்றுநோய் மரணங்கள் விலகிய பிறகுதான், இரண்டாம் மாதத்துக்கும் நான்காம் மாதத்துக்கும் நடுவில் தூக்கத்திலேயே இறக்கும் குழந்தைகளின் கூட்டம் தெளிவாகத் தெரிந்தது. குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்காதீர்கள், மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று பிரித்தானியாவில் 1991-இன் இறுதியில் பிரசாரம் தொடங்கியது. சில ஆண்டுகளில் அத்தகைய மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின.

சராசரியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பத்துச் சிசுக்கள் இறந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு பிள்ளைகள் ஒரு நாள் வாழ்ந்தன. மூன்று பிள்ளைகள் 150 நாள் வாழ்ந்தன. சராசரி 46 நாள் என்று வரும். அந்த 46-ஆம் நாளை ஒட்டி ஒரு பிள்ளைகூட இறக்கவில்லை. ஆகவே வேண்டியது நாட்களின் முழு வரிசை.

இனி மலைக்கு வருவோம். இங்கே கணக்கை மறைக்கும் காரியங்கள் சில உண்டு.

முதலாவது, மரணம் பதிவாகும் இடம். நாட்டின் குடிசார் பதிவில் மரணம் நடந்த இடமே கணக்கில் ஏறுகிறது. தாய் வசிக்கும் இடம் ஏறுவதில்லை. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு தாய்க்குக் குறைமாதத்தில் வலி வருகிறது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து நாவலப்பிட்டிக்கோ நுவரெலியாவுக்கோ, பிறகு கண்டிக்கோ அனுப்புகிறார்கள். பிள்ளை பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையில் இறந்தால், அந்த மரணம் கண்டி மாவட்டத்துக்குச் சேரும். பெரிய வைத்தியசாலைகள் உள்ள மாவட்டங்களின் வீதம் ஏறித் தெரிவதும், நுவரெலியாவின் வீதம் இறங்கித் தெரிவதும் இதனால்தான். மாவட்டச் சனத்தொகையில் பாதிக்கு மேல் தோட்டத்து மக்கள். அவர்களுடைய பிள்ளைகளின் மரணம் இன்னொரு மாவட்டத்தின் ஏட்டில் ஒதுங்கிவிட்டால், இங்கே யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. உங்கள் சொந்தப் பதிவேடும் குடும்ப சுகாதாரப் பணியகத்தின் மரணக் கண்காணிப்பும் தாயின் முகவரியைப் பின்தொடர்கின்றன. அந்த ஏட்டை நிரப்பும் கை உங்களுடையது.

அடுத்தது எண்ணிக்கையின் சிறுமை. ஒரு தோட்டத்தில் ஆண்டுக்கு இருபது பிறப்பு என்றால், ஒரே ஒரு மரணம் வீதத்தை ஆயிரத்துக்கு 50 ஆக்கிவிடும். அடுத்த ஆண்டு மரணமே இல்லாமல் பூச்சியம். இரண்டு எண்ணுக்கும் பொருள் இல்லை. ஐம்பதைப் பார்த்துத் தோட்டத்து மிட்வைஃபைக் கடிந்துகொள்வதும், பூச்சியத்தைப் பார்த்துப் பாராட்டுவதும் ஒன்றுபோலத் தவறு. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு மரணங்களைச் சேர்த்து நாள்வாரியாக அடுக்கினால்தான் உருவம் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் வீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு நாளைத் தூக்கிப்போட்டால், பிறகு சேர்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது.

நினைவின் பிழையும் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் எப்போது என்று கேட்டால், ஒரு வாரம் இருக்கும், ஒரு மாசம் இருக்கும், ஒரு வயசு இருக்கும் என்பாள். கணக்கெடுப்புகளில் ஏழாம் நாளிலும், முதல் மாதத்திலும், பன்னிரண்டாம் மாதத்திலும் மரணங்கள் இயல்புக்கு மாறாகக் குவிவதை உலகெங்கும் பார்த்திருக்கிறார்கள். பதினோராம் மாதத்தில் இறந்த பிள்ளை ஒரு வயது என்று எழுதப்பட்டால் சிசு மரணக் கணக்கிலிருந்தே நழுவிவிடும். இருபத்தைந்தாம் நாளில் இறந்தது ஒரு மாதம் என்றானால் பச்சிளம் பிள்ளைகளின் கணக்கிலிருந்து நழுவும். நம் வீடுகளில் பிறந்த நாளையே முதல் நாளாக எண்ணுவோம். சுகாதாரக் கணக்கில் பிறந்த நாள் பூச்சியம். அதனால் நாளின் எண்ணைக் கேட்காமல் பிறந்த தேதியையும் மணியையும், இறந்த தேதியையும் மணியையும் எழுதிக்கொள்வதே பாதுகாப்பு. தேதி நினைவில்லை என்றால் தீட்டுக் கழித்த நாளுக்கு முன்னா பின்னா, சம்பள நாளுக்கு முன்னா பின்னா என்று தமிழில் ஆறுதலாகக் கேட்டால் தாய் சொல்லிவிடுவாள். தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தர்கள் போதாது என்ற குறை மலையகத்தில் நெடுநாளாக இருப்பது. இந்த ஓர் இடத்தில் அந்தக் குறை நேராகப் புள்ளிவிபரத்தையே கெடுக்கிறது.

தோட்டத்துக்கே உரிய கேள்வி ஒன்று உண்டு. 2018-இல் பிரசவ சகாயச் சட்டம் திருத்தப்படும் வரை, மூன்றாம் பிள்ளையிலிருந்து தாய்க்குக் கிடைத்தது ஆறு வார விடுமுறை மட்டுமே. திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் பன்னிரண்டு வாரம். அது முடிந்ததும் தாய் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் மலைக்கு ஏறுகிறாள். பிள்ளை பிள்ளைக் காம்பராவுக்கோ பாட்டியின் மடிக்கோ போகிறது. தாய்ப்பாலின் இடைவெளி நீள்கிறது, புட்டிப் பால் நுழைகிறது, மற்றப் பிள்ளைகளின் இருமல் தொற்றுகிறது. இந்த மாற்றம் நேரும் வாரங்களில் மரணம் கூடுகிறதா? விடுமுறை நீண்ட பிறகு அந்த நாட்கள் தள்ளிப்போயினவா? தொழிற்சங்கங்களும் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி இது. நாள்வாரிப் பதிவு இல்லாமல் அவர்களிடம் போனால் வெறும் அபிப்பிராயமாக ஒதுக்கிவிடுவார்கள்.

லயத்தில் இரவில் இறக்கும் பிள்ளையின் கதை இன்னும் வேதனையானது. திடீர் மரண விசாரணை அதிகாரி வருகிறார். பால் புரையேறி மரணம் என்ற முடிவு அடிக்கடி கேட்பது. சில வேளை அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பாலைத் தவறாகக் கொடுத்தாள் என்ற பழி தாயின் தலையில் விழுந்துவிடுகிறது. அவள் அதை வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறாள். அத்தகைய மரணங்கள் எந்த வயதில், எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு, எப்படிப் படுக்க வைத்த பிள்ளைக்கு, எத்தனை பேர் படுத்த காம்பராவில் நேர்ந்தன என்று சேர்த்துப் பார்த்தால், காரணம் வேறாக இருக்கவும் கூடும். அப்படிப் பார்க்காதவரை பழி தாயோடுதான் இருக்கும்.

பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களிடம் எந்தப் பிள்ளை எந்தத் தேதியில் முதன்முதலாக வந்து சேர்ந்தது என்ற வரவுப் பதிவு இருக்கிறது. அதைப் பெரிய விஷயமாக யாரும் நினைப்பதில்லை. மரணப் பதிவேட்டையும் அந்த வரவேட்டையும் பக்கத்தில் வைத்தால் மட்டுமே மேலே கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கும். ஆண்டு முடிந்ததும் பழைய கொப்பியை எரிக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

குடும்பநல உத்தியோகத்தர்களுக்குப் புதிய வேலை எதையும் இம்மடல் சுமத்த விரும்பவில்லை. முதல் ஐந்து நாளுக்குள் ஒரு தடவை, ஆறாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் ஒரு தடவை, பிறகு பதினான்கிலிருந்து இருபத்தொன்றுக்குள், கடைசியாக நாற்பத்திரண்டாம் நாளளவில் என்று வீடு தேடிப் போகும் கடமை ஏற்கெனவே உங்களுக்கு இருக்கிறது. மலைப் பாதையில் ஒரு பிரிவிலிருந்து மறு பிரிவுக்குப் போகவே அரை நாள் ஆகும் என்பதும் தெரிந்ததே. இறந்த பிள்ளையின் வயதுக்குப் பக்கத்தில், கடைசியாக வீட்டுக்குப் போன நாள் எது என்பதையும் எழுதினால், வருகைக்கும் மரணத்துக்கும் நடுவில் எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று தெரியும். அது உங்களைக் குற்றஞ்சாட்டும் ஆவணம் ஆகாது. ஒரு மிட்வைஃபுக்கு எத்தனை வீடு ஒதுக்கலாம் என்று நீங்கள் கேட்பதற்கான ஆதாரம் அதுதான்.

அடுத்து வரும் மாதாந்தக் கூட்டத்தில் உங்கள் சுகாதார வைத்திய அதிகாரியிடம் ஒரு வேண்டுகோளை வையுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் இந்தப் பிரிவில் வசிக்கும் தாய்மாருக்குப் பிறந்து இறந்த அத்தனை சிசுக்களின் வயதையும், பிள்ளை எந்த மாவட்டத்து ஆஸ்பத்திரியில் இறந்திருந்தாலும், நாள்வாரியாக ஒரே தாளில் எழுதித் தரும்படி கேளுங்கள். பெயர்கள் வேண்டாம், நாளும், ஆணா பெண்ணா என்பதும், பிறப்பு எடையும், தோட்டமும் போதும். பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் லிந்துலையிலும் இராகலையிலும் அந்தத் தாள் தயாரானால், நான்கையும் ஒரு நாள் ஹட்டனில் ஒரே மேசையில் விரித்துப் பாருங்கள். பார்த்ததைத் தோட்டத் தலைவர்மாருக்கும் மாதர் சங்கங்களுக்கும் தமிழில் சொல்லுங்கள்.